நிர்மால்யா ஹைட்ஸின் மூன்றாவது சவ்வு

நிர்மால்யா ஹைட்ஸ் என்று பெயர் வைத்த பில்டருக்கு அந்தச் சொல்லின் ஓசை பிடித்திருந்தது, அவ்வளவுதான். சாமிக்குச் சாத்தி, வாடிப்போனதும் கழற்றி எறிகிற மாலைக்குத்தான் நிர்மால்யம் என்று பெயர் என்பதை யாரோ அவரிடம் சொன்னபோது பதினான்கு மாடியும் எழும்பி, முகப்பில் பித்தளை எழுத்துகளும் பதித்தாயிற்று.

பெரும்பாக்கத்தைத் தாண்டி, சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நின்ற அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கவோ வாடகைக்கு வரவோ ஒரே ஒரு நிபந்தனைதான். சைவம் மட்டும். முட்டையைப் பற்றி ஒரு காலத்தில் காரசாரமாக விவாதம் நடந்து, கேக்குக்குள் ஒளிந்துகொண்டு வந்தால் கண்டுகொள்வதில்லை என்று சமரசம் ஆனது. மற்றபடி சங்கத்தின் செயலாளர் சபாநாயகம் இதில் கறாரானவர். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு மீட்டிங் போதும் என்கிற இடத்தில் வாரம் ஒன்று போடுவார்.

சென்னையில் அப்போது குப்பை லாரிகள் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெரிய குடியிருப்புகள் தங்கள் சமையலறைக் கழிவைத் தாங்களே செரித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நிர்மால்யா ஹைட்ஸில் ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஓர் இரும்பு மூடி உண்டு. திறந்து கழிவைப் போட்டால் குழாய் வழியாகத் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போய்விடும். தொட்டியைப் பார்த்துக்கொள்வது ஒரு கம்பெனி. அதிலிருந்து எடுக்கிற ரசாயனங்கள் கம்பெனிக்கு. பதிலுக்கு இரண்டு லிஃப்டுகளுக்கும் வெந்நீருக்கும் கம்பெனி மின்சாரம் கொடுத்துவிடும். ரசாயனம் எவ்வளவு உசத்தியோ அவ்வளவு மின்சாரம்.

அந்த வருடம் தொட்டியில் மூன்றாவதாக ஒரு சவ்வு பொருத்தினார்கள். அடுத்த சில மாதங்களில் நிர்மால்யா ஹைட்ஸுக்குக் கம்பெனியின் ‘சிறந்த குடியிருப்பு’ கேடயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்ட்டி ஹாலில் விழா. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. சபாநாயகம் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“எதிர்த்தாப்பல இருக்கிற ஸ்டார் பாயிண்டுக்கும் இதே கம்பெனி, இதே மெஷின்தான். அவங்களுக்கு ஏன் கிடைக்கலை? நாம என்ன சாப்பிடறோமோ அதுதானே தொட்டிக்குப் போகுது! சைவ உணவோட மகிமையை இன்னிக்கு சயின்ஸே ஒத்துக்கிட்டிருக்கு.”

கைதட்டல் அடங்கியதும், ஓரமாக நின்றிருந்த எழினியை மேடைக்குக் கூப்பிட்டார். எழினிதான் அந்தப் பகுதியில் ஏழெட்டுத் தொட்டிகளைக் கவனித்துக்கொள்கிற கம்பெனி இன்ஜினியர். திருவாரூர்ப் பெண். மேடை ஏறினால் காது சிவக்கும்.

“அந்த மூணாவது சவ்வைப் பத்திக் கொஞ்சம் சொல்லும்மா.”

“ரொம்ப டெக்னிக்கலா இருக்கும் சார்.”

“எல்லாரும் படிச்சவங்கதான். சொல்லு.”

எழினி மைக்கை வாங்கிக்கொண்டாள். “நீங்க போடற கழிவைத் தொட்டியில இருக்கிற நுண்ணுயிரிங்க தின்னு புளிக்க வெச்சிடும். கஞ்சி மாதிரி ஆயிடும். அந்தக் கஞ்சியை அழுத்தி சவ்வு வழியா அனுப்பறோம். சவ்வுன்னா சல்லடை மாதிரிதான், ஆனா ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. முதல் சவ்வுல வினிகர் அமிலம் பிரியும். ரெண்டாவதுல கெட்டுப்போன வெண்ணெய் வாசனை அடிக்கிற அமிலம், அது பெயின்டுக்குப் போகுது. மூணாவது புதுசு. அதுல டி.எச்.ஏ.ன்னு ஒரு கொழுப்பு பிரியுது. குறைமாசத்துல பொறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிற பால்மாவுல சேர்ப்பாங்க. மூளை வளர்ச்சிக்கு. இந்த ஏரியாவிலேயே உங்க பில்டிங்லதான் அது அதிகமா கிடைக்குது.”

இதற்கு விழுந்த கைதட்டலில் முதல் வரிசையில் ஒருவர் கண் கலங்கினார்.

“எந்தக் காய்லேர்ந்தும்மா வருது?” என்றார் சபாநாயகம். “சொன்னேன்னா எல்லாரும் வாரத்துல ஒரு நாள் சேர்த்துச் சமைப்பாங்க.”

எழினி கீழே உட்கார்ந்திருந்த தன் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் தன் செல்போனைப் பார்த்தார்.

“காய் இல்ல சார். கடல்லேர்ந்து.”

“கடல்பாசியா! நம்ம வீட்டுல கோமளா சைனா கிராஸ்ல அல்வா பண்ணுவா.”

“அதுல இது கிடையாது சார்.”

“பின்ன?”

“மீன் சார்.”

மைக் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அந்தச் சொல் ஹாலின் நான்கு மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார், அதற்குள் ஏதாவது நீந்துமோ என்பது போல.

“ஆளி விதை!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “டாக்டரே சொல்லியிருக்காரு.”

“அது வேற கொழுப்பு சார்.”

“மாத்திரை! எங்க மாமனார் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடறாரு.”

“அதை அவர் முழுங்கிடுவாருல்ல மேடம். குழாய்ல போடமாட்டாரே.”

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாத் தலைகளும் திரும்பிய திசையில், கடைசி வரிசையில், ஏழு சி வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிரிஸ்கில்லா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிஸ்கில்லா குளச்சல்காரி. பிசியோதெரபிஸ்ட். கணவன் எடிசன் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே தெரியாது. வேலை செய்யும் ஆஸ்பத்திரி பக்கத்தில் என்பதால்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மீனோ கறியோ சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் வந்தாள். அந்தக் குடியிருப்பில் முழங்கால் வலி இல்லாத வீடு குறைவு. டியூட்டி முடிந்து வந்து, யார் கூப்பிட்டாலும் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். சபாநாயகத்தின் மனைவி கோமளா சுவரைப் பிடிக்காமல் நடப்பதே அவள் புண்ணியத்தில்தான்.

மறுநாளே அவசர மீட்டிங். எழினியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதம்மா” என்றார் சபாநாயகம், பிரிஸ்கில்லாவிடம். “உங்க வீட்டுல...”

“இல்ல சார். நான் சமைக்கல்ல. ஊருக்குப் போனா அம்மைக்க கையால தின்னுட்டு வருவேன். இங்க வந்தா ரசமும் அப்பளமும்தான்.”

“அப்ப யாரு?”

“அது எனக்குத் தெரியாது சார்.”

ஒன்பதாம் மாடி யோகா டீச்சர் மெதுவாக, யாரையும் புண்படுத்தாத குரலில், “ரத்தத்துல ஊறின பழக்கம்னு ஒண்ணு இருக்கில்லையா” என்றாள். பொருளாளர் அமிர்தகடேசன், “நாங்க தப்பே சொல்லலை. ஆசை யாருக்கும் வரும்” என்றார். எல்லோரும் அவ்வளவு அன்பாகப் பேசினார்கள். பிரிஸ்கில்லாவின் முகம்தான் கறுத்துக்கொண்டே வந்தது.

எழினிக்குப் பொறுக்கவில்லை. “சார், தொட்டி மொத்த பில்டிங்குக்கும் பொது. இப்ப இருக்கிற மெஷின் யார் வீடுன்னு சொல்லாது. ஆனா ஒவ்வொரு மாடிக் குழாயிலேயும் ஒரு சின்ன சவ்வு வெச்சா, எந்த மாடின்னு தெரிஞ்சிடும். மூடியைத் திறக்கறப்ப கார்டு காட்டணும்னு வெச்சா எந்த வீடுன்னே தெரிஞ்சிடும். வீட்டுக்காரங்க எல்லாரும் சம்மதிச்சா கம்பெனி வெச்சுக் கொடுக்கும்.”

“பிரமாதம்” என்றார் சபாநாயகம். சொன்ன பிறகு எதையோ யோசித்தவர்போல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

ஹாலில் ஒரே ஒரு கை உயர்ந்தது. பிரிஸ்கில்லாவுடையது.

“இது தனிமனித உரிமை விஷயம்” என்றார் அமிர்தகடேசன். “நாம சமைக்கிறதை மெஷின் மோந்து பாக்கறதா? என்ன நாகரிகம் இது?” பலரும் ஆமோதித்தார்கள். யோகா டீச்சர் கதிர்வீச்சைப் பற்றி ஏதோ கேட்டாள். சவ்வில் கதிர்வீச்சு கிடையாது என்று எழினி சொன்னது யார் காதிலும் விழவில்லை. பிரிஸ்கில்லா கையை இறக்கும்வரை யாரும் அவளைப் பார்க்கவில்லை.

ஏழு சி வீட்டின் உரிமையாளர் மஸ்கட்டில் இருந்தார். சங்கத்திலிருந்து அவருக்கு போன் போனது. அவரிடமிருந்து பிரிஸ்கில்லாவுக்கு போன் வந்தது. “உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா அசோசியேஷனைப் பகைச்சுக்க முடியாது பாருங்க” என்றாராம்.

அவள் காலி செய்த அன்று எழினி தொட்டியைப் பார்க்க வந்திருந்தாள். பேஸ்மென்டில் மினி லாரி நின்றது. பிரிஸ்கில்லா ஒரு பிரஷர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், என்னாலதான்...” என்று எழினி ஆரம்பித்தாள்.

“நீ என்ன செய்ய? கேட்டாங்க, சொன்னே.” பிரிஸ்கில்லா குக்கரின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “தெரியுமா, இங்க இருந்த நாளெல்லாம் நான் ஒரு கருவாடு கூட சுடல்ல. எனக்க தங்கச்சி போன் பண்ணினா ‘அய்யரம்மா இருக்காங்களா’ன்னுதான் கேப்பா. ஊரே சிரிச்சுது. செய்யாத காரியத்துக்கு வெளியில போறதுதான் பாரமா இருக்கு. ஒரு நாளாவது நல்லா சாளைமீன் குழம்பு வெச்சிருந்தேன்னா, இப்ப மனசுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.”

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழினி ஸ்டூலையும் பக்கெட்டையும் லாரியில் ஏற்றிக் கொடுத்தாள்.

அந்த வாரமே மூன்றாவது சவ்வு வறண்டது. ஒரு சொட்டு டி.எச்.ஏ. இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று எழினி மாற்றிப் பார்த்தாள். வீட்டிலிருந்து மத்தித் தலை ஒன்றைக் கொண்டுவந்து சோதித்தும் பார்த்தாள். கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தொட்டியில் மீன்தான் இல்லை.

“பாத்தியாம்மா?” என்றார் சபாநாயகம். குரலில் வெற்றியைவிட ஆறுதல்தான் அதிகம் இருந்தது. “ஒரு தப்பும் இல்லாதவங்களை அனுப்பிட்டோமோன்னு எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்லை. இப்ப நிம்மதி.”

எழினி டேப்லெட்டில் அளவுகளைப் பார்த்தாள். கணக்கு கண்ணெதிரே இருந்தது. பிரிஸ்கில்லா இருந்தாள், மீன் இருந்தது. போனாள், மீனும் போயிற்று. அப்படியானால் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம்? நம்பி ஏமாந்த கோபம் அவளுக்குள் மெல்லக் கிளம்பியது.

நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. டி.எச்.ஏ. இல்லாத தொட்டிக்குக் கம்பெனி இரண்டாம் தர மின்சாரம்தான் கொடுக்கும். ஒரு லிஃப்டை நிறுத்தினார்கள். இன்னொன்று காலை ஆபீஸ் நேரத்திலும் மாலையிலும் மட்டும் ஓடியது. வெந்நீர் வெதுவெதுப்பாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. பதினோராம் மாடியில் இருந்த சபாநாயகம் ஒவ்வொரு மாடியிலும் நின்று, அந்தந்த மாடிக்காரர்களின் குறைகளைக் கேட்பதுபோல் மூச்சு வாங்கினார். கோமளா வீட்டைவிட்டு இறங்குவதையே விட்டுவிட்டாள். அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் இப்போது ஆள் இல்லை.

இதே சமயத்தில் எதிர்சாரியில் ஸ்டார் பாயிண்டின் தொட்டியில் டி.எச்.ஏ. கிடுகிடுவென ஏறியது.

ஸ்டார் பாயிண்ட் பழைய கட்டடம். மாடிக்கு மாடி மூடி வைக்க அங்கே வசதி இல்லை. தரைத்தளத்தில், காம்பவுண்டு சுவரை ஒட்டி, தெருவிலிருந்தே எட்டுகிற மாதிரி ஒரே ஒரு மூடி. அங்கே மீன் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர்தான். ஆனாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள். மாதக்கடைசியில் சாம்பாருக்கு இறங்கிவிடுவார்கள். தொட்டியின் கணக்கும் கூடவே இறங்கும். இந்த மாதம் அப்படி இறங்கவே இல்லை.

எழினிக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மறுநாள் விடிந்ததும் வந்து, அந்த மூடிக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் அறை வாசலில் டூல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் அமிர்தகடேசன். வாக்கிங் ஷூ, குரங்குக் குல்லா, கையில் கறுப்பு கவர். இரண்டு பக்கமும் பார்த்தார். மூடியைத் திறந்தார், போட்டார், வேகமாக நடந்தார். அடுத்து யோகா டீச்சர். அவள் கவரைப் பாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதற்கப்புறம் எழினி எண்ணுவதை விட்டுவிட்டாள். கேசரி சாப்பிட்டவர்கள், கண் கலங்கியவர், மாமனாரின் மாத்திரையைப் பற்றிக் கேட்டவள் என்று எல்லோரும் வாக்கிங் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க நேர்ந்தபோது வானத்தைப் பார்த்தார்கள்.

கடைசியாக சபாநாயகம் வந்தார்.

எழினி எழுந்து நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கவரைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் வேறு ஒருவரைப் பார்த்து அப்படியே நின்றார். எதிரே, கம்பை ஊன்றி, ஒரு கையில் கறுப்பு கவருடன் கோமளா நின்றிருந்தாள். வீட்டைவிட்டு இறங்குவதையே விட்டிருந்தவள் பதினோரு மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி வந்திருந்தாள்.

“நீ எங்கே இங்கே?” என்றார் அவர்.

“நீங்க எங்கே?” என்றாள் அவள்.

கவர் வழியாக ஒரு வஞ்சிர முள் துருத்திக்கொண்டிருந்தது. அதை மறைக்க அவள் முந்தானையை இழுத்தாள். மறைந்தது. ஆனால் வாசனை மறையவில்லை.

“எப்பலேர்ந்து?”

“நீங்க செயலாளர் ஆனதிலேர்ந்து. மீட்டிங்குன்னு போனா ரெண்டு மணி நேரம் வரமாட்டீங்க. ஆர்கானிக் கீரைன்னு பச்சைப் பையில கொண்டுவந்து கொடுக்க ஒரு ஆள் இருக்கான். உங்களுக்கு?”

“நீ கதை கேக்கக் கோயிலுக்குப் போறப்ப, இப்பல்லாம் நீ தூங்கினப்புறம். எனக்கும் அவன்தான்.” சபாநாயகம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “வறுத்த நெத்திலி. கொஞ்சம்தான்.”

“அப்ப அந்தப் பொண்ணை ஏன் அனுப்பினீங்க?” கோமளாவின் குரல் உடைந்தது. “நீங்க சுத்தம்னு நினைச்சுத்தானே நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்!”

“நான் போட்டது எப்பவாவது ஒரு பிடி முள்ளு. அதுக்குப் போய் கேடயம் கொடுக்கிற அளவுக்கு வருமா? மீதியெல்லாம் அவ வீட்டுதுதான்னு நினைச்சேன்.”

“நானும்தான் நினைச்சேன்.”

எழினிக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. அந்தக் குடியிருப்பில் பொய் சொன்னவர்கள் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு வீடும் தன் ஒரு பிடி முள்ளைத் தள்ளுபடி செய்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஏழு சி கணக்கில் எழுதியிருந்தது. பிரிஸ்கில்லா போன பிறகு எழுத வேறு கணக்கு இல்லை. அதனால் எல்லோரும் ரோட்டைத் தாண்ட ஆரம்பித்தார்கள். தானும் அவளை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, எழினிக்குக் காது சிவந்தது. இந்த முறை மேடையே இல்லாமல்.

“அங்கிள், ஆன்ட்டியை நிக்க வைக்காதீங்க. கால் வீங்கிரும்” என்றது ஒரு குரல்.

முதல் மாடி பால்கனியில் பல் துலக்கும் பிரஷ்ஷுடன் பிரிஸ்கில்லா நின்றிருந்தாள். அவசரத்துக்குக் கிடைத்த வீடு ஸ்டார் பாயிண்டில்தான். தினமும் காலையில் அந்த ஊர்வலத்தை அங்கிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மேலே போனார்கள். எழினியும் போனாள். பிரிஸ்கில்லா கோமளாவின் காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். சபாநாயகம் உட்காராமல் நின்றார்.

“தெரிஞ்சும் ஏன்மா யார்கிட்டயும் சொல்லலை?”

“நான் சொல்லாதப்பவே எனக்க மேல பழி போட்டீங்க. சொன்னா விடுவீங்களா?”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “தப்புப் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடறேன். நீ திரும்பி வந்துடும்மா.”

“முதல்ல சொல்லுங்க சார், பாப்போம்” என்றாள் பிரிஸ்கில்லா. எழினி அவளைத் தனியாகப் பார்த்து, “நானும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் மேடம்” என்றாள். “தெரியும். அன்னைக்கு ரோட்டுல பாத்தும் பாக்காம போனியே” என்று சொல்லி அவள் காபி டம்ளரை நீட்டினாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை. வேண்டுமென்றேதானா என்று எழினி கேட்டுக்கொள்ளவில்லை.

சபாநாயகம் சொன்னபடி எழுந்து நின்றார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. “நண்பர்களே, மீன் விஷயமா நான் ஒரு உண்மையை...” என்று ஆரம்பித்தார்.

“சார், உங்க உடம்பு முக்கியம், உக்காருங்க!” என்று அமிர்தகடேசன் பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“இல்லய்யா, நான் சொல்லணும். நானே வறுத்த...”

“வருத்தப்படாதீங்க சார்!” என்று யோகா டீச்சர் கூவினாள். “அவர் வருத்தத்துல இருக்காரு. எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி மூச்சை உள்ள இழுங்க.”

ஹால் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. அவர் ஒருவர் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் திறக்க வேண்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒப்புக்கொள்ள ஓர் ஆள் தயாராக நின்றும் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லை. அவர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கைதட்டி உட்கார வைத்தார்கள். கோமளா எழுந்து, “நான் சொல்றேன்” என்றபோது மின்சாரம் போயிற்று. கம்பெனி செய்ததா, வேறு யாராவது செய்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் லிஃப்ட் வேண்டும். அது எல்லோருக்கும் வேண்டும். எனவே அமிர்தகடேசன் அழகாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். காலத்துக்கேற்ற பரந்த மனப்பான்மையுடன், ஏழு சி வீட்டில் மட்டும் மீன் சமைக்க அனுமதிக்கப்படுகிறது. பிரிஸ்கில்லா அவர்களை மரியாதையுடன் திரும்ப அழைப்பது. ஒருமனதாக நிறைவேறியது. இந்த முறை எல்லாக் கைகளும் உயர்ந்தன.

செய்தியைச் சொல்ல சபாநாயகம்தான் போனார். துணைக்கு எழினி.

பிரிஸ்கில்லா பொறுமையாகக் கேட்டாள். உள்ளே அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாங்காய் போட்ட சாளைக்குழம்பு. அவர் சொல்லி முடித்ததும், “நான் சமைக்க அனுமதி குடுத்திருக்கீங்க, இல்லையா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“நான் தப்பு செய்யல்லன்னு தீர்மானத்துல இருக்கா சார்?”

சபாநாயகம் தலை குனிந்தார்.

“முன்னால நான் சமைக்காமலே எல்லாரோட மீனும் எனக்க வீட்டு மீன். இனி சமைச்சாலும் அதுதான். பழி சுமக்க ஒரு வீடு வேணும் உங்களுக்கு. அதுக்கு நான் வரமாட்டேன். இங்க நான் வைக்கிற குழம்புக்கு நான்தான் பொறுப்பு, அது எனக்குப் பிடிச்சிருக்கு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “ஆன்ட்டியை மட்டும் சாயங்காலம் அனுப்புங்க. காலை அப்படியே விட்டா கெட்டுப்போகும். நீங்களும் வாங்க, மாடி ஏறி ஏறி உங்க முட்டும் போயிருக்கும்.”

அவர்கள் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் போனார்கள். பயிற்சி முடிந்த பிறகும் வெகுநேரம் திரும்புவதில்லை என்றும், திரும்பும்போது கோமளா கையில் கறுப்பு கவர் இருப்பதில்லை என்றும் அமிர்தகடேசன் கவனித்தார். ஆனால் எதுவும் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் சங்கம் வேறு ஆள் தேடியது. நிர்மால்யா ஹைட்ஸின் வாசலில், பித்தளை எழுத்துகளுக்குக் கீழே ஒரு போர்டு தொங்கியது: ‘7-சி வாடகைக்கு. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்.’ அந்த வழியாகப் போன பைக்குகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயின.

நவனீதன், சாருலதா என்று ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் பக்கத்திலேயே ஆபீஸ். சங்கம் அவர்களை வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டது. வாரத்தில் எத்தனை நாள்? வஞ்சிரமா, மத்தியா? தலையைச் சாப்பிடுவீர்களா, போடுவீர்களா? நவனீதன் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னான். மத்தி என்று அவன் சொன்னதும் அமிர்தகடேசன் எழுந்து கை குலுக்கினார்.

அவர்கள் பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாளே மூன்றாவது சவ்வில் டி.எச்.ஏ. சொட்டத் தொடங்கியது. வாரக்கடைசிக்குள் பழைய அளவைத் தாண்டியது. இரண்டு லிஃப்டும் ஓடின. வெந்நீர் கொதித்தது. ஸ்டார் பாயிண்ட் பக்கம் காலை வாக்கிங் போகிறவர்கள் குறைந்தார்கள்.

குழாய் மூடியில் கசிவு இருப்பதாக ஏழு சி-யிலிருந்து புகார் வந்ததால் எழினி போய் மணி அடித்தாள். சாருலதா கதவைத் திறந்தாள். பெருங்காயமும் வெந்தயமும் தாளித்த வாசனை. ஹாலில் முருங்கைக்காய் ஆய்ந்து வைத்திருந்தது. எழினி மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்த சாருலதா வெலவெலத்துப்போனாள். அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டாள்.

“மேடம், உங்களுக்கு எப்படியும் மெஷின்ல தெரிஞ்சிருக்கும். மறைச்சுப் பிரயோஜனமில்லை” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. “நாங்க ரெண்டு பேரும் சைவம். ஊர்லேர்ந்து வந்து வீடே கிடைக்கலை. இவர்தான் வீடியோ பார்த்து மீன் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரு. வெளியில தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க மேடம். ப்ளீஸ்.”

எழினி தன் டேப்லெட்டைத் திறந்து அன்றைய அளவை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க மேடம்” என்றாள். “எங்க கணக்குப்படி இந்த ஏரியாவிலேயே உங்களை மாதிரி மீன் சாப்பிடறவங்க யாருமே கிடையாது.”